எட்டாவது கார்

சனிக்கிழமைகளில், ரேஸ் கார்களை நிறுத்திப் பழுது பார்க்கும் பிட்டின் வாசல் மாலை நாலு மணிக்குத் திறக்கும். வெர்ன் லிண்டால் மூன்றரைக்கே வந்து, வாசலை ஒட்டி டிரெய்லரை நிறுத்திவிட்டு, முகத்தின் மேல் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்குவார். வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வது என் வேலை. நான் மேசையை விரிக்கும் சத்தத்தில் கண் விழித்து இறங்கி வருவார். பட்டியலின் முதல் வரி அவருடையது. எனக்கு முன்னால் இந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் விட்டுப்போன பழைய பட்டியல்களையும் புரட்டிப் பார்த்திருக்கிறேன். இருபத்தேழு வருடமாக முதல் வரி மாறவில்லை. கார் எண் நாற்பத்தொன்று, லிண்டால், ஷெவர்லே.

"ஒரு வாரமாவது ரெண்டாவதா வாங்களேன் வெர்ன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"டிராக்ல அதத்தானே பண்ணிட்டிருக்கேன். வாசல்லயாவது முதல்ல வந்துக்கறேன், விடு."

அது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. கோடை முழுவதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சேர்த்த புள்ளிகளைக் கடைசியில் கூட்டி, அதிகம் எடுத்தவருக்குப் பட்டம் தருவார்கள். வெர்ன் நான்கு தடவை இரண்டாவதாக வந்திருக்கிறார். முதலாவதாக ஒரு தடவைகூட இல்லை. போன ஜூலையில், அறுபத்துமூன்று வயதில், அவர் பதினோரு புள்ளி முன்னால் முதலிடத்தில் இருந்தார். அடுத்த இடத்தில் டீனா ஷ்ரோம். வெர்ன் இதைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை. அவர் மனைவி ஆர்டிஸ்தான் என்னிடம் சொன்னார்.

"ஃபிரிட்ஜ் கதவுல புள்ளிக் கணக்க ஒட்டி, அது மேல மளிகை லிஸ்ட ஒட்டி மறைச்சு வெச்சிருக்கான். எனக்குத் தெரியாதாம். மளிகை வாங்குறதே நான்தான்."

வெர்னுக்குப் பிழைப்பு பால் லாரி. விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, பதினான்கு பண்ணைகளில் குழாய் வழியே பாலை லாரிக்குள் ஏற்றிக்கொண்டு சீஸ் ஆலைக்குப் போவார். லாரியில் பால் அலையடித்தால் வளைவில் வண்டியையே தள்ளிவிடும். அதனால் அவர் பிரேக்கை அழுத்துவது யாருக்கும் தெரியாது. டிராக்கிலும் அதே பழக்கம்தான். எல்லோரும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவுக்குள் பாய்கையில், அவர் கார் தண்டவாளத்தில் போவதுபோல் போகும். "பின்னாடி பால் இருக்குன்னு நெனச்சுட்டு ஓட்டுறாரு" என்பது டீனாவின் கிண்டல். தீவன ஆலையில் மூட்டை எடை போடுபவள். இருபத்தொன்பது வயது. வாயும் கியரும் ஒரே வேகத்தில் மாறும்.

எங்கள் பெல் ஃபோர்க்ஸ் டிராக், மாட்டுச் சந்தைத் திடலுக்குள் கால் மைல் களிமண் வட்டம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மினசோட்டா மாநிலம். அங்கே இன்னொரு டிராக். அதுவும் சனிக்கிழமைதான். பரிசு அதிகம், விளக்கு அதிகம், கூட்டம் அதிகம். நல்ல கார் கொடுத்து, டயரும் கொடுத்து, ஒரு டிராக்டர் வியாபாரி வெர்னை அங்கே கூப்பிட்டிருக்கிறார். "சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம் வெர்ன்.

ஏன் போகவில்லை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார். அங்கே கழிவறை வரிசை நீளம் என்பார். பாலத்தில் காற்று அடிக்கும் என்பார். என்னிடம் ஒரு தடவை மட்டும் வேறு மாதிரி சொன்னார். ஓட்ட வந்த இரண்டாவது வருடம், மாலையில் முதலில் நடக்கும் சின்ன ரேஸில் கார் மூன்று குட்டிக்கரணம் அடித்தது. அவருக்கு அடி இல்லை. காரின் கூரை மட்டும் இருக்கைவரை வந்துவிட்டது. அன்றே, அடுத்து வரும் பெரிய ரேஸுக்குள் அதைச் சங்கிலி கட்டி இழுத்து, சம்மட்டியால் அடித்து நிமிர்த்தி, அவரை உள்ளே தள்ளி அனுப்பியது மூன்று பேர். "மூணு பேரும் என்கூட ஓட்டுறவனுங்க. நான் வெளிய உக்காந்திருந்தா அவனுங்களுக்கு லாபம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தக் காலத்தில் வெர்ன் ஓட்டும் ஸ்ட்ரீட் ஸ்டாக் வகுப்பில் ஒரு சனிக்கிழமைக்கு முப்பத்தொரு கார் வந்ததாகப் பட்டியல் சொல்கிறது. உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இரும்புக் கூண்டு வைத்த பழைய குடும்பக் கார்கள். இப்போது அந்த நீள மூக்குக் கார்கள் பழைய இரும்புக் கடைகளிலேயே கிடைப்பதில்லை. டயர் விலை ஏறிவிட்டது. சிலர் சிறிய கார் வகுப்புக்கு மாறிவிட்டார்கள். சிலர் பாலம் தாண்டிவிட்டார்கள். ரேஸுக்கு முன்னால் தண்ணீர் தெளித்த களிமண்ணை இறுக்க, எல்லாக் கார்களும் மெதுவாக வட்டம் சுற்ற வேண்டும். முன்பெல்லாம் பத்து நிமிட வேலை. இப்போது முக்கால் மணி நேரம் சுற்றுகிறார்கள். டயர் விற்கும் வண்டிக்காரரும் கட்டுப்படியாகாது என்று வருவதை நிறுத்திவிட்டார்.

டிராக்கை நடத்தும் ரோண்டா பீல்மன் ஜூலை முதல் வாரத்தில் ஓட்டுநர்களைக் கூட்டி நேராகச் சொல்லிவிட்டார்.

"அஞ்சு கார் ஓடுறதுக்கும் அதே ஆம்புலன்ஸ், அதே ஆளுங்க. என்னால முடியல. மூணு சனிக்கிழமை பாப்பேன். பெரிய ரேஸ்ல பச்சைக்கொடி விழும்போது எட்டு கார் ஓடணும். ஒரு வாரம் ஏழு ஆனாலும் இந்த வகுப்பு அன்னையோட முடிஞ்சுது. பட்டமும் கிடையாது."

"பேரு குடுத்தா கணக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பேரு குடுத்துட்டு டிரெய்லர விட்டே இறக்காம நிக்கிற கார நான் பாத்ததில்லையா? கொடிக்குக் கீழ சொந்த இன்ஜின்ல நகரணும். தள்ளிட்டு வரக்கூடாது."

முதல் வாரம் எட்டு. இரண்டாம் வாரமும் எட்டு. மூன்றாம் வாரத்தில் ஒருவருக்குத் தங்கை கல்யாணம் வந்துவிட்டது. ஜூலை சனிக்கிழமையில் கல்யாணம் வைப்பவர்கள்மேல் வெர்னுக்கு என்றைக்குமே மரியாதை இருந்ததில்லை.

வியாழக்கிழமை பாலை இறக்கிவிட்டு லோனி பிர்ச்சைத் தேடிப் போனார். கூரை போடும் வேலை செய்பவன், முப்பத்துநான்கு வயது. எங்களோடு ஆறு வருடம் ஓட்டிவிட்டு, ஜூன் முதல் பாலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். ஒரு வீட்டின் கூரைமேல் இருந்தான். அங்கிருந்தே கத்தினான்.

"முடியாது!"

"நான் இன்னும் வாயே தொறக்கலையேடா."

"பால் லாரிய நிறுத்திட்டு இறங்கி நிக்கிறீங்களே, அது போதாதா? அங்க போன வாரம் இருபத்தாறு காரு, வெர்ன். நான் பதினெட்டாவது."

"பதினெட்டாவதுக்குப் பெருமையா?"

"இங்க ரெண்டாவதுக்குக் குடுக்கறத விட அங்க பதினெட்டாவதுக்கு அதிகம்."

வெர்ன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரி. யாரோட போட்டி போட்டு ஓட்டுன?"

"என்ன?"

"இருபத்தாறு பேர்ல. பேரு சொல்லு."

லோனி சுத்தியலை இடுப்பில் செருகினான். "ஒரு நீலக் காரு."

"நீலக் காருக்கு அம்மா அப்பா பேரு வெக்கலையா?" வெர்ன் ஏணியில் இரண்டு படி ஏறினார். "இந்த சனிக்கிழமை வா. டீனா இருக்கா, நான் இருக்கேன். இருபது சுத்தும் உன் கதவ விட்டு நகராம ஓட்டுற ஆளுங்க. ஒழுங்கான ரேஸ் கிடைக்கும். கிடைக்கலைனா அடுத்த வாரம் உன் டிரெய்லர நானே இழுத்துட்டுப் போய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விடறேன்."

"பின் வலது சக்கரம் போச்சு. புதுசு புதன்கிழமைதான் வரும்."

"என்கிட்ட ஒண்ணு உபரியா இருக்கு."

"அப்போ உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு? நான் செவுத்துல உரசி ஆறு வருஷம் ஆச்சு."

மறுநாள் வெள்ளிக்கிழமை டீனாவின் ரேடியேட்டர் வெடித்தது. அதற்கும் வெர்ன் கொட்டகையிலிருந்துதான் ஒன்று போனது. அவர் அதைத் துணியில் சுற்றி வண்டியில் வைப்பதை ஆர்டிஸ் வாசலில் நின்று பார்த்தார்.

"உன்ன தோக்கடிக்க நீயே சாமான் எடுத்துக் குடுக்கற."

"எட்டு இல்லைனா தோக்கறதுக்குக்கூட எடம் இருக்காது ஆர்டிஸ்."

சனிக்கிழமை என் பட்டியலில் எட்டு வரி சேர்ந்தது. எட்டாவது லோனி. "எந்த நேரத்துல ஒத்துக்கிட்டேனோ" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். வெர்ன் அன்று தூங்கவில்லை. வாசலிலேயே நின்று, வருகிற ஒவ்வொரு டிரெய்லரையும் ரோண்டாவைவிடக் கவனமாக விரல் விட்டு எண்ணினார்.

சின்ன ரேஸில் எல்லாம் கெட்டது. மொத்தம் எட்டுச் சுற்று, அதில் ஆறாவது சுற்று. வெர்னுக்கு முன்னால் போன ஃபோர்டு சறுக்கிக் குறுக்கே நின்றுவிட்டது. அதை இடிக்காமல் விலகியதில் வெர்னின் காரின் பின்பக்கம் போய்ச் சுவரில் மோதியது. மெதுவான மோதல்தான். ஆனால் பின் வலது டயர் கிழிந்து, இரும்பு வளையமும் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. இனி அதில் எந்த டயரும் காற்றைப் பிடிக்காது.

பிட்டில் ஏழு பேரும் காரைச் சுற்றி நின்றார்கள். நான்கு பேருடையது ஃபோர்டு, அந்தச் சக்கரம் இதில் பொருந்தாது. டீனா தன்னுடைய உபரியை ஏற்கெனவே மாட்டிவிட்டிருந்தாள். மீதி இரண்டு ஷெவர்லேக்காரர்களில் ஒருவர் உபரி என்ற ஒன்றை வாழ்நாளில் வைத்திருந்ததில்லை. இன்னொருவன் லோனி. அவன் காரில் இருந்ததுதான் வெர்னின் உபரி.

லோனி தன் காரை ஜாக்கியில் ஏற்றிவிட்டான். "கழட்டுங்க வெர்ன். உங்க சக்கரம் இது. உங்க கிழிஞ்சத நான் மாட்டிக்கறேன். கொடிக்குக் கீழ நகந்துட்டு ஓரமா வந்துடறேன். கணக்கு எட்டுதான். ரோண்டா ஒண்ணும் சொல்ல முடியாது."

அவன் சொன்னது சரிதான். யார் ஓரமாக வந்தாலும் எண்ணிக்கை எட்டு. வகுப்பு பிழைத்துவிடும். ஆனால் ஓரமாக வருபவனுக்கு அன்றைக்குக் கடைசி இடம், கடைசிப் புள்ளி.

டீனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் சொல்லக்கூடாது. ஆனாலும் அவன் சொல்றது நியாயம், பெரியவரே. நீங்க ஓரமா நின்னா பட்டம் என் பக்கம் வந்துடும். அப்படி வர்றது எனக்கு வேணாம்."

"வேணாமா?"

"சரி, கொஞ்சம் வேணும். ஆனா அசிங்கமா இருக்கும்."

இன்னொரு சங்கடமும் இருந்தது. கொடி விழுந்ததும் ஒரு சுற்று போய்விட்டு, வந்ததற்கான காசுக்காக ஓரங்கட்டுகிறவர்கள் எல்லா டிராக்கிலும் உண்டு. அவர்களை வெர்னைப்போலக் கேவலமாகப் பேசுபவர் கிடையாது. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு வந்து ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் போகிறவன் என்பார். சுருக்கமாக ரொட்டிக்காரன். இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ பேருக்கு அந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறார்.

வெர்ன் ஸ்பானரை எடுத்து லோனியின் காருக்குப் பின்னால் உட்கார்ந்தார். முதல் நட்டைக் கழற்றினார். இரண்டாவதையும் கழற்றினார். மூன்றாவதில் ஸ்பானரை வைத்தவர் அப்படியே இருந்தார். சந்தைக் கொட்டகையில் ஒரு கன்று கத்திக்கொண்டிருந்தது.

"ஏன்டா, நான் உன்கிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்?"

"எட்டு காரு வேணும்னு."

"அது இல்ல. ஒழுங்கான ரேஸ் கிடைக்கும்னு சொன்னேன். இருபது சுத்து." கழற்றிய இரண்டு நட்டுகளையும் எடுத்துத் திரும்ப மாட்டத் தொடங்கினார். "உன்ன இங்க இழுத்துட்டு வந்து ஓரமா உக்கார வெச்சா, அடுத்த சனிக்கிழமை நீ எங்க இருப்ப?"

எங்கே இருப்பான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அடுத்த வாரம் எட்டாவது யாரு? அதுக்கு அடுத்த வாரம்?" வெர்ன் நட்டை இறுக்கிவிட்டு எழுந்தார். முழங்கால் சடசடவென்றது. "நீ ஓட்டு. நான் போய்ட்டு வந்துடறேன்."

"வெர்ன், பதினோரு புள்ளி..."

"எனக்கு எண்ணத் தெரியும்டா."

டீனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளால் அடக்க முடியவில்லை. "அப்போ இன்னைக்கு ரொட்டிக்காரர் நீங்கதான்."

"வெண்ணெய் தடவிக் குடு" என்றார் வெர்ன். பிட்டே சிரித்தது.

கொடிக்காரர் மெல், வெர்னின் வயதுக்காரர். கிழிந்த டயரைக் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு சுத்து தர்றேன்யா. ரப்பர் பிஞ்சு பறந்தா கருப்புக் கொடி காட்டி வெளிய அனுப்பிடுவேன். பழகுன மூஞ்சின்னு பாக்க மாட்டேன்."

"ஒண்ணுக்கு மேல எனக்கு எதுக்கு?"

பெரிய ரேஸுக்குக் கார்கள் கிளம்பியபோது வெயில் இன்னும் கொட்டகைகளின் மேல் இருந்தது. ஏழு கார்கள் ஜோடி ஜோடியாய் முன்னால் போக, கடைசியில் நாற்பத்தொன்று வலப்பக்கம் சாய்ந்து, தொப் தொப் என்று மண்ணில் அடித்துக்கொண்டு நொண்டி வந்தது. ரோண்டா கொடிமேடையின் அடியில் நின்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். மேட்டில் உட்கார்ந்திருந்த இருநூறு பேரில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். பச்சைக்கொடி விழுந்தது. ஏழும் பாய்ந்தன. எட்டாவது, கோயில் தேர் போலக் கோட்டைத் தாண்டியது. தாண்டி, முதல் வளைவையும் இரண்டாவதையும் கீழ் ஓரத்திலேயே உருண்டு கடந்து, பின்பக்க வழியாகப் பிட்டுக்குள் வந்துவிட்டது. அதற்குள் மற்றவர்கள் அவரை ஒருமுறை சுற்றித் தாண்டியிருந்தார்கள்.

ரோண்டா என் மேசைப் பக்கம் வந்தார். "எட்டுன்னு எழுதிக்கோ. அடுத்த வாரமும் இவங்க இருக்காங்க." முகத்தைக் கடுமையாக வைத்திருந்தார். குரலில் அது இல்லை.

அந்தக் கோடையின் மீதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லோனி ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. ஆகஸ்டில் அவன் மச்சான் ஒரு காரோடு வந்து ஒன்பதாக்கினான். பட்டம் டீனாவுக்கு, நாலு புள்ளி வித்தியாசத்தில். வெர்ன் ஐந்தாவது முறையாக இரண்டாவது. ஃபிரிட்ஜ் கதவில் மளிகை லிஸ்ட் மட்டும் அப்படியே இருக்கிறதாம், இப்போது அதன் அடியில் எதுவும் இல்லையாம்.

ஆனால் அந்த ஜூலை மாலையில் என் மனதில் நின்றது வேறு. காரை நிறுத்திவிட்டு வெர்ன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ரேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் அதற்குள் இல்லை. இப்படி ஒரு நிலைமை அவருக்கு வந்ததே இல்லை. பிறகு மேட்டில் ஏறி, மடக்கு நாற்காலியில் சீஸ் துண்டு வறுவலோடு உட்கார்ந்திருந்த ஆர்டிஸிடம் போனார். நானும் பட்டியலை மூடிவிட்டு அங்கே போய் நின்றேன்.

"இங்கேருந்து எல்லாமே தெரியுதே" என்றார் வெர்ன்.

"இருபத்தேழு வருஷமா தெரியுது."

"லோனி மூணாவது வளைவுல ஏன் மேல போறான்?"

"மேல ஈரம் இருக்கு. நீயும் மேல போகணும். எப்பவும் கீழயே போய், வெளிய ஒரு கார் போற எடத்த விட்டுடுவ. அங்கதான் உன்ன எல்லாரும் தாண்டுவாங்க."

வெர்ன் திரும்பி அவரைப் பார்த்தார். "இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. அதுவும் இல்லாம, வீட்டுக்கு வந்து நீ சொல்ற ரேஸ் இத விட நல்லா இருக்கும். அதுல யாரும் உன்ன தாண்டவே மாட்டாங்க."

கடைசி மூன்று சுற்றுகளில் லோனியும் டீனாவும் கதவோடு கதவு ஒட்டி ஓடினார்கள். டீனா கீழே, லோனி மேலே. மண் வேலிவரை பறந்தது. வெர்ன் எழுந்து நின்று, "விடாத! விடாத!" என்று கத்தினார். "யார சொல்ற?" என்று ஆர்டிஸ் கேட்டார். "ரெண்டு பேரையும்தான்!" கையை வீசியதில் வறுவல் பாதி புல்லில் கொட்டியது. கோட்டில் லோனி அரை மூக்கு முன்னால் இருந்தான். காரை நிறுத்தி ஜன்னல் வழியாக வெளியே வந்தவன், ஓடிப்போய் டீனாவின் கூரையைக் கையால் தட்டினான். அவள் உள்ளேயிருந்து ஏதோ திட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

வெர்ன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே அடுத்த வகுப்பின் சிறிய கார்கள் வரிசைக்கு வரத் தொடங்கின.

"கீழ போகல?" என்றார் ஆர்டிஸ். "கார டிரெய்லர்ல ஏத்தணுமே."

"அது எங்க ஓடப்போகுது? மூணு சக்கரத்துல." கார்களை எண்ணினார். "பதினொண்ணு வந்திருக்கு. பரவால்லயே." குளிர்ப்பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, ஆர்டிஸின் மடியிலிருந்த வறுவல் தட்டில் கை வைத்தார். "இதையும் பாத்துட்டுப் போலாம்."